சத்தமான அழுகை

லைட் ஸ்திரீட் நீதிமன்றம், மூன்றாம் அறை.
குளிர்சாதனம் ஒழுகி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.
பவளக்கொடி கூண்டில் நின்று சொன்னார்:
"நாலரைக்கு ஒப்பாரி கேட்டுச்சுங்கய்யா.
எதுத்த வீட்டு லெச்சுமிகாந்தம்தான்.
எந்திரிச்சிட்டேன். அடுப்புப் பத்த வைக்கல."

நான் மொழிபெயர்ப்பாளன்.
இருபத்திரண்டு வருஷ அரசாங்கச் சம்பளம்.
கடன், கைகலப்பு, விவாகரத்து, ஒரு கொலை
எல்லாம் என் வாய் வழியே போயிருக்கின்றன.
ஒப்பாரிக்கு வாய் திறந்தேன்.
சத்தமான அழுகை
என்று ஆங்கிலத்தில் சொல்லி மூடிக்கொண்டேன்.

வக்கீல் யோ கெட்டவர் இல்லை.
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார், அவ்வளவுதான்.
அழுவதற்கு ஆயிரம் காரணம் என்றார்.
பல்வலி. புருஷன் கை. தொலைக்காட்சித் தொடர்.
யுகேஸ்வரன் பாயான் லெப்பாஸ் கிடங்கில் விழுந்தது
ஆறு பத்துக்கு,
வேலை முடிந்து அட்டை தட்டிய பிறகு.
யாரும் அவனை ஏறச் சொல்லவில்லை.
நாலரை மணி அழுகை
ஜெலுத்தோங் பிளாட்டில் எவருடையதோ.

பவளக்கொடி வக்கீலைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்.
"தம்பி, நான் அழுகைன்னு சொல்லலியே."

அன்றிரவு அகராதியில் அகப்பட்டது:
கீன்.
ஒரே எழுத்துக் கூட்டலில் இரண்டு சொல்,
ஒரே வீட்டு எண்ணில் இரண்டு குடும்பம்போல.
முதலாவது கூர்மை.
கத்திக்கு, குளிர்காற்றுக்கு,
வேலை கேட்டு வருகிறவன் கண்ணுக்கு.
மற்றது, பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து
பெண்கள் குரலெடுப்பது.
அது ஆங்கிலமே இல்லை.
அயர்லாந்துக்காரர் பேச்சிலிருந்து வாங்கியது.
அங்கே அதன் பழைய உருவம்
அழுகை என்றுகூட இல்லை.
அழுகிறேன்.
தன்மை. ஒருமை. நிகழ்காலம்.

கோப்பி ஆறிப்போயிருந்தது.
நம்முடையதைப் புரட்டிப் பார்த்தேன்.
ஒப்பு.
போனவனைப் பொன்னென்று, தேரென்று ஒப்புச் சொல்லி
எதற்கும் ஒப்பாமல் நெஞ்சிலடித்துக்கொள்வது.
அதே ஒப்புதான்
ஒப்புக்கு அழுவதிலும் இருக்கிறது.
சாட்சியத்தின் அடியில்
நான் வைத்துவிட்டு வந்த ஒப்பத்திலும்.

மறுநாள் எழுந்து நின்றேன்.
பதிவில் ஒரு சொல் பிழை, திருத்த வேண்டும்.
எந்தச் சொல்? கீன்.
வக்கீல் யோ புருவம் தூக்கினார்:
"ஆர்வமாக இருந்தார்களா?
விடிகாலை நாலரைக்கா?"
அறை சிரித்தது. வாசல் போலீஸ்காரர்கூட.
"என்ன சிரிப்பு?" என்றார் பவளக்கொடி.
அதையும் மொழிபெயர்த்தேன்.
அதற்குத்தானே சம்பளம்.

நீதிபதி அம்மா சிரிக்கவில்லை.
அந்தச் சத்தத்தைச் சாட்சி காட்ட முடியுமா என்றார்.

"சாவு விழாத எடத்துல எடுக்கக் கூடாதுங்கம்மா.
சொல்றேன். இழுக்க மாட்டேன்."

பிறகு, அடையாள அட்டை எண்ணைச் சொல்வதுபோல,
ஏற்றமில்லை, இறக்கமில்லை:

ஏணி ஏறிப் போனவனே எம் மகனே
எறங்க ஒரு படியில்லியா
மூணு மணி இருட்டுல ஒன்ன
மேல ஏத்தி விட்டது யாரு

நான்கு வரி. நாலையும் பெயர்த்தேன்.
மூன்று மணி என்ற இடத்தில்
வக்கீலின் பேனா மூடி திறந்தபடியே நின்றது.
வாளியில் சொட்டுவது கேட்டது.

"இது அழுகை இல்லைதான்," என்றார் நீதிபதி அம்மா.
"இதற்குப் பேர் என்ன சொன்னீர்கள்?"

கீன் என்று சொல்லவில்லை.
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்,
ரோமன் எழுத்தில், மெதுவாக,
தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு ஏற்றபடி.

"இரண்டு பி-யா?" என்று கேட்டாள்.

இரண்டு என்றேன்.